மலாய் ஆயிற்று, இனி மலை

இன்று காலை ஆறிய பாலின்மேல் ஏடு தடிமனாகப் படிந்திருந்தது. அதை வழித்து எறியச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் கிண்ணத்தில் வழித்து, சர்க்கரை தூவி, பால்கனியில் உட்கார்ந்து நிதானமாகத் தின்றேன். இப்படித் தனியாக விட்டுப் போய்விட்டாயே என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் தின்றேன்.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம். டெல்லி ஆர்.கே.புரத்தில் நமக்கு அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ், ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து டைப்ரைட்டர். உன் கணவர் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. "பனிமலைய ஒரு தடவை கண்ணால பாக்கணும்ட்டி" என்றாய். அதைக் கேள்விப்பட்டு உன் கொழுந்தனார் பஸ் பிடித்து வந்தார்.

"வருஷம் திரும்பல மதினி. ஊர் சுத்தப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரு யாருன்னு எழுதிக் குடுங்க. நானே போய்க் கேட்டுக்கிடுதேன்" என்றாய். மறுவாரம் நாம் மசூரியில் இருந்தோம்.

லோக்கல் சைட்சீயிங் டாக்ஸி. ஆறு பாயிண்ட். அருவி, பூங்கா என்று ஐந்தையும் நீ கடனே என்று பார்த்தாய். உனக்கு வேண்டியது ஆறாவது, பனிமலை தெரியும் உச்சி. பாதை பிரியும் இடத்தில் டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டார். "பாதல் ஹை மேடம். குச் நஹீ திகேகா." மேகமாம், ஒன்றும் தெரியாதாம்.

உனக்குக் கோபம் வந்தால் முதலில் ஓடிப்போவது ஹிந்திதான். மலைக்கு 'பஹாட்' என்ற சொல் வாயில் வரவில்லை. "முஜே மலை சாஹியே!" என்று கத்தினாய், எனக்கு மலை வேண்டும் என்று.

"மலாய்? அச்சா, அச்சா" என்றவர், இரண்டு வளைவு தாண்டி ஒரு பால் கடை முன்னால் நிறுத்தினார். பாலேடுதான் அவருக்கு மலாய்.

நம் ஆர்.கே.புரம் முருகன் கோவிலான மலை மந்திரை ஆட்டோக்காரர்கள் மலாய் மந்திர் ஆக்கும்போதெல்லாம் விடாமல் திருத்துகிறவள், அன்று நீயே மாட்டிக்கொண்டாய். நான் சிரித்து சீட்டில் சாய்ந்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. இறங்கிப் போய்த் தொன்னை நிறைய மலாய் வாங்கி, வழித்துத் தின்று, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாய். பிறகு விரலை மேலே நீட்டினாய்.

"மலாய் ஹோ கயா, பையா. அப் மலை."

அவர் மறுத்துவிட்டார். நீ நடக்க ஆரம்பித்தாய். செங்குத்தான ஏற்றம், எனக்கு மூச்சு வாங்கியது. காலையில் வரலாமே என்று கெஞ்சினேன். "காலைல டெல்லி பஸ்ஸுல்லா? நடட்டி."

உச்சியில் எங்கும் ஒரே வெள்ளை. கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒரு மரம்கூடத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் குளிரில் நின்றோம். உன்னை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ தடுப்பைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாய்.

"பனிமலை வெள்ளையாத்தானட்டி இருக்கும்? வெள்ளையாத்தான இருக்கு. பாத்தாச்சு."

எவராவது இல்லையென்று சொல்லட்டும் என்பதுபோல் இருந்தது உன் முகம். அதன்பிறகு அந்தப் பக்கம் போக உனக்கு வாய்க்கவே இல்லை.

அன்று மேகம் மூடியிருந்ததை யாரிடமோ நான்தான் உளறியிருக்கிறேன். உன் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் இருக்கும்போது கொழுந்தனார் பெருமூச்சு விட்டார். "பாவம் மதினி. அம்புட்டு தூரம் போயும் அந்த மலையப் பாக்காமலே போயிட்டாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. காபி டம்ளரோடு எழுந்து நின்றேன். "அவ பாத்தா. நான் பக்கத்துல நின்னேன்."

"மேகம்னுல்ல சொன்னாங்க..." என்று இழுத்தார்.

"சொன்னவங்க யாரு, எழுதிக் குடுங்க" என்றேன்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அது பொய் என்று இன்றுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுதான் மகன் போன் செய்தான். டெல்லியில் பிறந்தவன், அவனுக்கு ஏடு என்றால் தெரியாது. "அம்மா, மலாய் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு" என்றேன். காலிக் கிண்ணம் மடியில் இருந்தது. இதுவும் பொய்யில்லை.