கேட்காமல் விட்ட ஒன்பதாவது கேள்வி

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கச்சான் காற்று. ஸ்கூட்டி கிரான் சந்தியில் நின்றுவிட்டது, நாலு உதைக்குப் பிறகு கிளம்பியது. தலை முழுக்கப் புழுதி.

இன்று ஒரே வீடு. பிள்ளையின் பெயர் இங்கே வேண்டாம், து. போதும். பதினாறு வயது. வகுப்பில் தூக்கம், சாப்பாடு இல்லை, யாரோடும் பேச்சில்லை என்று ஆசிரியை ஆஸ்பத்திரிக்கு எழுதியிருந்தார். உளவளத்துணையாளர் என்று சம்பளம் வாங்குகிறவள் நான். கேள்வித்தாளை நிரப்பி வரவேண்டும்.

தாய் ஏழு வருடமாகக் குவைத்தில், வீட்டுவேலை. பெண்பிள்ளை பிறந்தால் சீதனத்துக்கு வீடு கட்டவேண்டுமே, அதற்கு. வளர்ப்பது பெரியம்மா. வீடு முடிந்துவிட்டது. மாபிள் தரை, தேக்குக் கதவு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபூரல், நாளை தாய் வருகிறார். வாசல் பந்தலில் எங்களுக்குக் கதிரை போட்டார்கள். பெரியம்மாவும் ஒரு கதிரையில். கேள்வி முடியும்வரை எழும்பவே இல்லை.

நித்திரை? "வராது மிஸ். வந்தா எழும்ப ஏலாது."

சாப்பாடு? "பசிக்கல்ல."

முந்தி விருப்பமாகச் செய்தவை? "முந்தி என்ன விருப்பம் எண்டு மறந்துட்டன்."

பெரியம்மா: "என்ன குறை மிஸ் இவளுக்கு? இந்தப் பக்கத்தில ஆருக்கு இருக்கு இப்பிடி ஒரு ஊடு?"

எட்டுக் கேள்வி முடிந்தது. ஒன்பதாவது, செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வந்ததா என்பது. பெரியம்மா எட்டிப் பார்த்து வாசித்துவிட்டார். என் கையைப் பிடித்தார். "அத மட்டும் கேக்காதீங்க மிஸ். நல்ல காரியம் வைச்சிருக்கிற வளவு. சாவுப்பேச்சு வேணாம்."

"ஓம்" என்றேன். என் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். பூச்சியம் போட்டேன். அதில் ஒரு புள்ளி விழுந்தாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும். பூச்சியம் என்றால் ஒரு மாதம் கழித்து வரலாம். மொத்தம் 13. ஒரு மாதம்.

பிறகு பெரியம்மா தேத்தண்ணி வைக்கப் போனார். மாபிள் எங்கே வாங்கியது என்று து.விடம் கேட்டேன்.

"தெரியா மிஸ்."

ஆகஸ்ட் 28, வியாழன்

வெயில். மாத அறிக்கை. என் தாள்களில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லையாம், ஆஸ்பத்திரிப் பெரியவர் மெச்சினார். "மற்றவங்களும் உங்களைப் பாத்துப் படிக்கோணும்."

வாங்க: பல்ப் 2, தேங்காயெண்ணெய், குடிபூரலுக்கு ஏதாவது (சுவர்க்கடிகாரம்?).

ஆகஸ்ட் 29, வெள்ளி

போனேன். கடிகாரத்தோடு. எனக்கு முன்பே நாலு கடிகாரம் வந்திருந்தது.

பால் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கமாம், எல்லோருக்கும் சந்தோஷம். தாய் மெலிந்து, கறுத்து, கையெல்லாம் வெடிப்பு. மகளை அறை வாசலில் நிறுத்தி, "இது உன்ட அறை மனே, உனக்காகத்தான் ஏழு வருசம்" என்று அழுதார். து. சிரித்தாள். போட்டோ எடுத்தார்கள். நானும் அதில் நிற்கிறேன். பொங்கல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கம் கெட்ட வயிறு.

செப். 1, திங்கள்

காற்று இல்லை. புழுக்கம். எட்டரைக்குக் கிளினிக் கதவில் து. வெள்ளைச் சீருடை, புத்தகப் பை. பள்ளிக்குப் போகாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"மற்றக் கேள்விய ஏன் மிஸ் கேக்கல்ல?"

எந்தக் கேள்வி என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"ஒன்பதாவது. எனக்கு அங்கால இருந்தே தாள் தெரிஞ்சது. பெரியம்மா தேத்தண்ணி வைக்கப் போனநேரம் கேப்பீங்க எண்டு பாத்தன். நீங்க மாபிளைப் பத்திக் கேட்டீங்க."

பதினாலு வருட அனுபவம் எனக்கு. தூ.

கேட்டேன். ஒரு சொல்லும் மாற்றாமல், தாளில் உள்ளபடியே.

"ஓம்."

எத்தனை நாள்?

"எல்லா நாளும். அம்மா வந்த பிறகு மட்டும் அந்த நினைப்பு வரல்ல. அவ எனக்குப் பக்கத்தில படுக்கிறவ."

பூச்சியத்தை வெட்டி, எல்லா நாளும் என்பதற்குரிய 3 போட்டேன். பேனை தாளைக் கிழித்துவிட்டது. அவளைத் தனியே விடாமல் கையைப் பிடித்துக்கொண்டே டாக்டரிடம் போனேன். பத்து மணிக்கு வார்டில். தாய்க்கு அழைப்பு எடுத்தேன், பெரியம்மாவோடு ஓடிவந்தார்.

டாக்டர் சொன்னதை எல்லாம் தாய் நின்றபடி கேட்டார். "ஊடு கட்டி முடிஞ்சுதே மிஸ்," என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். வியாழக்கிழமை அவருக்கு மறுபடி குவைத்துக்குப் பிளேன், இன்னும் இரண்டு வருடத்துக்கு.

இந்த முறை பெரியம்மா பக்கத்தில் நிற்க நிற்கவே கேட்டேன். போகாமல் இருக்கமாட்டீர்களா?

தாய் கட்டிலைப் பார்த்தார். து. கண்ணை மூடவில்லை, தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் போட்டாச்சே மிஸ்."