பூங்கா ரேடியோவும் இரண்டு மனுக்களும்

இன்று டவுனுக்குப் போனபோது பூங்கா வாசலில் புதிதாக நட்டிருக்கும் கல்லைப் பார்த்தேன். பூங்காவின் வரலாறாம். வண்டிமாடுகளை அவிழ்த்துக் கட்டும் மைதானமாக இருந்தது, பிறகு வேலி போட்டார்கள், மேடை கட்டினார்கள், ரேடியோ வைத்தார்கள் என்று மலையாளத்தில் செதுக்கியிருக்கிறது. திறந்து வைத்தவர்களின் பெயரெல்லாம் உண்டு. ரேடியோவைத் தமிழுக்குத் திருப்பிய உங்கள் பெயர் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

எழுபதுகளில் ரேடியோ அறையின் சாவி உங்களிடம் இருந்தது. முனிசிபாலிட்டியில் தற்காலிக வேலைதான். சாயங்காலம் மலையாளச் செய்தி மட்டும் வைக்க வேண்டும் என்று உத்தரவு. எலப்புள்ளி, சித்தூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்த தமிழ் பேசும் நாங்கள் பஸ் வரும்வரை புல்லில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் நான்தான் எழுந்து வந்து கேட்டேன்.

"ஏனுங்க, அறுத்த நெல்லு களத்துல கெடக்குது. மழை வருமான்னு தமிழ் ஸ்டேஷன்ல சொல்லுவாங்க. கொஞ்சம் திருப்புங்க."

"மேல தெரிஞ்சா என்ற வேலை போயிருமுங்க" என்றீர்கள். சொல்லிக்கொண்டே திருப்பினீர்கள். அன்றிலிருந்து தினமும் கால் மணி நேரம் எங்களுக்கு.

அதற்கு நன்றி காட்ட வேண்டுமென்று எனக்குத்தான் புத்தி போயிற்று. ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கர்வம் வேறு. எங்களுக்காகத் தமிழ் வைக்கும் நல்ல மனிதரின் வேலையை நிரந்தரமாக்குங்கள் என்று எழுதி, நாற்பது பேரிடம் கையொப்பம் வாங்கி, உங்களுக்கே தெரியாமல் ஆபீசில் கொடுத்தேன். அதுவரை உங்கள் மேல் ஒரு புகாரும் இல்லை. உத்தரவை மீறியதற்கு நாற்பது சாட்சிகளை நானே கொண்டுபோய் நிறுத்தினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மறுவாரம் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

"எவனோ நல்லது செய்யறேன்னு மனு குடுத்துக் கெடுத்துப்போட்டானுங்க. அத என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டுனாங்க. பொண்டாட்டி மாசமா இருக்கறா. நீங்கதான் நல்லா எழுதுவீங்க. வேலையத் திருப்பிக் குடுக்கச் சொல்லி ஒண்ணு எழுதிக் குடுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். தாளும் பேனாவும் எடுத்தேன். முதல் மனுவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களே என்ற பயத்தில் எழுத்தை வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்து எழுதினேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க, இன்னைக்கு எழுத்து ஒருபக்கமாச் சாயுது?"

"பேனா செரியில்லீங்க."

"செரி, வுடுங்க" என்று கீழே பெயர் போட்டு எடுத்துக்கொண்டு போனீர்கள்.

ஆறு மாதம் கழித்து வேலை கிடைத்தது, சந்தைத் தெருவைக் கூட்டும் வேலை. அதற்குள் உங்கள் மகள் பிறந்துவிட்டாள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் பூங்காவுக்கு வருவீர்கள். புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளச் செய்தி கேட்பீர்கள். எத்தனையோ வருஷம் எதையெதையோ பேசினோம். மனுவைப் பற்றி மட்டும் நீங்கள் ஒருதரமும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் உங்களுக்கு மண் தள்ளிவிட்டு வந்தேன். இனிச் சொல்லி என்ன பயன், இருந்தாலும் சொல்கிறேன்: முதல் மனுவையும் எழுதியது நான்தான். வெளிச்சத்தில் தாளைப் பிடித்தபோதே கண்டுகொண்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கண்டுகொண்டும் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தீர்களே, அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.