அயின்போக்கா சொல்ல மறுத்த குறைகள்

மார்ச் 4, போல்கடாங்கா
பள்ளிப் படிப்பில்லாமல் கையால் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது அரசு. தேர்வாளனாகத் தமாலேயிலிருந்து முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தேன். இன்று பன்னிரண்டு தையல்காரிகள். அயின்போக்கா என்பவருக்கு நாற்பத்தைந்து வயது. வெங்காய வியாபாரம் நொடித்தபின் தையலுக்கு வந்தவர். டேப்பைத் தொடாமல் சாணால் அளந்து வெட்டினார். நான்கு முறை அளந்து பார்த்தேன். துளி பிசகில்லை.

மார்ச் 5
சந்தையில் வாங்கிய பள்ளிச் சீருடை ஒன்றை மேசையில் வைத்து, தையலில் என்ன குறை என்று கேட்டேன். மற்றவர்கள் கடகடவென்று ஒப்பித்தார்கள். அயின்போக்கா மட்டும் வாயே திறக்கவில்லை.

"தெரியலையாம்மா?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

என்ன திமிர் என்றுதான் நினைத்தேன். பூஜ்யம் போட்டுத் தாளை அனுப்பிவிட்டேன். அந்தப் பூஜ்யத்தால் அவர் தோற்கிறார். மாவட்டப் பள்ளிகளுக்குச் சீருடை தைக்கும் அரசு ஆர்டர் சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான். விண்ணப்பிக்க இருபதாம் தேதி கடைசி.

மார்ச் 6
கஞ்சிக்கடையில் விஷயம் தெரிந்தது. அந்தச் சீருடையைத் தைத்தது லாரிபா. அயின்போக்காவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேடம். வயது இருபத்தொன்பது! காலர் மடிப்பைப் பார்த்ததுமே அயின்போக்காவுக்குத் தெரிந்துவிட்டதாம். பயிற்சியிலிருந்து அவர் இன்னும் 'விடுதலை' ஆகவில்லை. தொழில் கற்று முடித்தாயிற்று என்று மாணவியின் தலையில் மேடம் பவுடர் கொட்டி விடுவிக்கும்வரை, மேடத்தின் கைவேலையை நாலு பேர் முன்னால் யாராவது குறை சொல்வார்களா? நானும் இந்த நாட்டுக்காரன்தானே. எனக்கு ஏன் உறைக்கவில்லை? தப்பு என் மேசையில். பூஜ்யம் அவர் தாளில்.

மார்ச் 9
தலைநகர் அக்ராவில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "ஆறு மாசம் கழிச்சு எழுதட்டும்" என்றார் அதிகாரி. கெஞ்சினேன். "கேள்வியே தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா மறுதேர்வு உண்டு. ஆனா அது உங்க ஃபைல்ல ஏறும். பதவி உயர்வு நேரம், பாத்துக்கோங்க."

மார்ச் 10
எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16
மறுதேர்வு. யார் தைத்ததை வைப்பது? எதை வாங்கினாலும் பயம். கடைசியில் என் சட்டையையே கழற்றி வைத்தேன். "தமாலேல தச்சது. அங்க உங்களுக்கு யாரையும் தெரியாதே?"

பனியனோடு உட்கார்ந்திருந்தேன். அயின்போக்கா ஒன்பது குறை சொன்னார். நான் கண்டுபிடித்தது ஐந்து.

"யார் தச்சதுன்னு கேக்க மாட்டேன் சார். வீட்ல சண்டை வரும்."

தைத்தது என் மனைவி. அயின்போக்காவை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இவரைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்துச் சான்றிதழ் கொடுக்கும் இந்தத் திட்டத்தை நினைத்தாலும்தான். இதற்குப் போய் முணுமுணுத்தேனே.

மார்ச் 18
தேர்ச்சி. விண்ணப்பமும் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 27
பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. மனைவியிடம் சொன்னேன். "சட்டையையும் குடுத்து, பதவியையும் குடுத்தாச்சா?" என்றாள். சிரித்தேன். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூன் 3, போல்கடாங்கா
சீருடை ஆர்டர் அயின்போக்காவுக்குத்தான் கிடைத்திருக்கிறது. பார்க்கப் போனேன். விடுதலை ஆனபிறகும் லாரிபாவின் கடையில்தான் இருக்கிறார். லாரிபாவிடம் சான்றிதழ் இல்லை. தேர்வுக்கே வரவில்லையாம். அயின்போக்கா ஆர்டரைப் பாதி பிரித்து அவருக்குக் கொடுத்திருக்கிறார்.

லாரிபா தைத்து முடித்த காலர் ஒன்றை நீட்டினார். "சரியா இருக்கா அக்கா?"

அயின்போக்கா என்னைப் பார்த்தார். நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். உள்ளே மெதுவாகப் பேசும் சத்தம். கொஞ்ச நேரத்தில் தையல் பிரிக்கும் சத்தம்.