தென்குழியின் மூன்றாவது குரல்

பதிவு: ந. திலகவதி, கள ஆய்வாளர், தென்குழிச் சுரங்கம், செவ்வாய்க் கோள். கண்டெடுப்பவர் படிக்க.

நாள் 611, காலை 7.20
மருத்துவ ஊர்தி வடக்குச் சமவெளிக்குப் புறப்பட்டுவிட்டது. ஆதாரம்: குடியேற்றத்தை நிர்வகிக்கும் கணினி 'நடுவன்' இன்று காலை ஆறு மணிக்கு வெளியிட்ட ஆணை. குடியேற்றம் முழுவதற்கும் ஓட்டுநர் இல்லாத இந்த ஊர்தி ஒன்றுதான். எங்கே நிறுத்தினால் நோயாளிகளுக்கும் அதற்குமான மொத்தத் தொலைவு மிகக் குறையும் என்பதை நடுவன் தினமும் கணக்கிடுகிறது. ஒவ்வொரு சுரங்கத்திலிருந்தும் முந்தைய நாள் வந்த அழைப்புகளின் எண்ணிக்கையே அதன் அளவுகோல்.

தென்குழியிலிருந்து வந்த அழைப்பு ஒன்று. தூசிக் காய்ச்சலில் கிடப்பவர்கள் ஒன்பது பேர். நேரில் பார்த்தேன்.

நாள் 611, காலை 11.00
காரணம் தெரிந்தது. இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள். கடலில் ஒரு வள்ளம் வாக்கியில், அதாவது வாக்கி-டாக்கியில், பேசினால் மற்றவை அலைவரிசையை விட்டுக்கொடுக்கும். அதே வழக்கப்படி, ஒன்பது பேருக்கும் சேர்த்து மேஸ்திரி கித்தேரியான் ஒருவரே அழைத்திருக்கிறார். மேல்தளத்திலிருந்து நான் வாக்கியில் காரணம் கேட்டதற்கு அவர் அனுப்பிய பதில்:

"எல்லாவனும் வாயத் தொறந்தா முங்குறவன் சத்தம் எப்படித் தாயி கேக்கும்?"

அவர் மகள் ரெஜினம்மாளும் அந்த ஒன்பதில் ஒருத்தி. சுவாச இயந்திரம் ஊர்தியில் மட்டுமே உண்டு. ஒவ்வொருவரும் தனியே அழைத்தால்தான் அது வரும் என்றேன்; அவர் படுத்திருந்தவர்களை எழுப்பப் போனார்.

நாள் 611, மாலை 4.30
ஒன்பது பேரும் தனித்தனியே அழைத்துவிட்டார்கள். இடையிடையே கித்தேரியான் குரலும் வாக்கியில் கேட்டது: "பேரச் சொல்லுலே. கல்யாணப் பொண்ணு கணக்கா வெக்கப்படாத."

நாள் 612, காலை 6.05
ஊர்தி தெற்கே திரும்புகிறது. வந்துசேர இரண்டு நாள்.

நாள் 613, காலை 6.10
ஊர்தி பாதி வழியில் மறுபடி வடக்கே திரும்பிவிட்டது. ஆணையின் வாசகம்: "தென்குழி அழைப்பு ஒன்பதிலிருந்து இரண்டாகக் குறைவு. நோய் தணிகிறது."

தணியவில்லை. நால்வர் இறந்துவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பேச மூச்சில்லை. நேற்று அழைத்தவர்கள் கித்தேரியானும் நானும். எங்களுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது.

நாள் 613, காலை 9.40
படுத்திருப்பவர்களின் பெயரைச் சொல்லி நானே அழைத்தேன். தலைமைத் தளத்து ஜெயந்தன் பதில்:

"மேடம், ஒரு குரலுக்கு ஒரு அழைப்புதான் எடுத்துக்குது. நாங்க கையால மாத்த முடியாதபடி பூட்டியிருக்கு. இன்னும் ஒரே ஒரு குரல் வந்தா போதும். மூணுன்னா ஊர்தி திரும்பிடும்."

பக்கத்துச் சுரங்கமான மேற்குக்குழி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அங்கிருந்து அழைப்பே இல்லையாம். பதினோரு நாளாக அதற்கு எதிரே நடுவன் 'நலம்' என்று எழுதிவருகிறது.

நாள் 613, மாலை 5.15
ரெஜினம்மாள் விழித்திருக்கிறாள். உதடு அசைகிறது, ஒலி வரவில்லை. கித்தேரியான் வாக்கியை அவள் வாயருகே பிடித்திருக்கிறார். அவர் சொன்னது தலைமைத் தளம் வரை கேட்டிருக்கும்:

"ஒரு வார்த்த சொல்லு மக்கா. அப்பா பேசுனா எடுக்க மாட்டேங்குது."

நாள் 614, காலை 5.50
கித்தேரியான் இறந்துவிட்டார். என் குரலும் கட்டிவிட்டது. இதைத் தட்டச்சு செய்கிறேன்.

ரெஜினம்மாளுக்கு மூச்சு இருக்கிறது. ஆதாரம்: என் உள்ளங்கை. வாக்கியை அவள் கன்னத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இரவு ஒருமுறை முனகினாள். நடுவன் அதைக் குரலாக எடுத்ததா என்பது உறுதியாகவில்லை.

ஆணை ஆறு மணிக்கு