சம்பந்தி ஏசவில்லை

வாலிஸ்,
24 செப்டம்பர் 2024

என்றும் அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக வீடு போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னா. ஆனால் போன் அடித்தால் நீங்கள் எடுப்பதாக இல்லை. "அப்பா பல்கனியிலை நிக்கிறார், பிறகு எடு பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அம்மாவும் களைத்துப் போனா. சனிக்கிழமைகளில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனீர்களே, அதன் பலன்தான் இந்தக் கடிதம். பிழை கண்டால் சிவப்புப் பேனையை எடுக்க வேண்டாம்.

ஏன் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டீர்கள்? ஓய்வு பெற்ற முதல் வருசம், திராட்சை அறுவடை முடியும்வரை எங்களோடு நிற்பதாகத்தானே வந்தீர்கள்? விடிய எழும்பிப் பார்த்தால் கட்டில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது, சப்பாத்தைக் காணவில்லை. உங்கள் மருமகன் மத்தியாஸ் ரயில் நிலையம்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தோட்டத்தில் நடந்ததைப் பற்றி உங்கள் சம்பந்தி வெர்னர் மாமா ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் அதை நினைத்துக் குழம்ப வேண்டாம். நாங்கள் எல்லோரும் சுகம்.

உங்கள் மகள்,
தர்சினி

எம்மன்புரூக்கே,
29 செப்டம்பர் 2024

அன்பு மகள் சிவதர்சினிக்கு அப்பா எழுதுவது,

கடிதம் கிடைத்தது. பிழை இரண்டு. விட்டுவிட்டேன்.

வெர்னர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதுதான் பிள்ளை எனக்கு விளங்கவில்லை!

சம்பந்தி முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் சூரிச்சில் வைன் சந்தை என்று தோட்டத்தை என் கையில் விட்டுவிட்டுப் போனீர்கள். நான் மலைச்சரிவுத் தோட்டத்தின் மேல்தட்டுக்கு ஏறிப் பார்த்தேன். மண் என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது, எல்லாம் கற்சல்லி. காற்றோ அனலாக வீசியது. இலைகள் ஓரம் கருகி, கொடிகள் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றன. ஊரில், உரும்பிராயில், எங்கள் திராட்சைப் பந்தலுக்கு இறைக்க மறந்தால் உன் அப்பப்பா என் தோலை உரித்துவிடுவார். உங்கள் மலைவாய்க்கால் பக்கத்திலேயே ஓடியது. மடைப் பலகையைத் தூக்கித் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். நீங்கள் வரும்வரை ஒவ்வொரு பின்னேரமும் விட்டேன். பழம் கும்மென்று பொங்கி வந்தது. நீ கண்டால் துள்ளிக் குதிப்பாய் என்று நினைத்தேன்.

வந்து பார்த்தபோது பழமெல்லாம் வெடித்து, குளவி மொய்த்துக்கொண்டிருந்தது. நீ வாயைப் பொத்தினாய். மருமகன் நிலத்தைப் பார்த்தார். சம்பந்தி ஊன்றுதடியோடு வந்து ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தார். என் தோளில் தட்டி, சாப்பிடப் போவோம் என்று கையைக் காட்டினார். அவித்த கிழங்கும் உருகின சீஸும். எனக்கு ஒரு கிழங்கு கூடுதலாகவும் வைத்தார்!

இது என்ன சனம்? கோபமா, இல்லையா? எங்கள் ஆட்கள் என்றால் ஒரு மணித்தியாலம் ஏசிவிட்டுத் தேத்தண்ணி தருவார்கள். ஏசினால் நான் அந்த வீட்டு ஆள். ஏசாவிட்டால் தெருவால் போகிறவன். அந்தக் கிழங்கைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன். அதுதான் வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். தவித்து நின்ற கொடிக்குத் தண்ணீர் விட்டது பிழையா?

அன்பு அப்பா,
ஜெகதீஸ்வரன்

வாலிஸ்,
4 ஒக்டோபர் 2024

அன்பு அப்பா,

ஓம், பிழைதான். இங்கே கொடியைத் தவிக்க விட வேண்டும். தண்ணீர் கிடைக்காவிட்டால் அது கற்பாறைக்குள் வேரை இறக்கித் தேடும். பழம் சின்னதாக, தோல் தடித்து வரும். இந்தக் கல்லும் வெயிலும் காற்றும் அதற்குள் இருக்கும். மேல்தட்டு வைனை ஆட்கள் தேடி வந்து வாங்குவது அதற்காகத்தான். அறுவடைக்குக் கிட்டத் தண்ணீர் விட்டால் பழம் ஊதி வெடித்துவிடும். இந்த முறை மேல்தட்டில் வைன் இல்லை.

இந்த மாதம் மாமா தோட்டத்தையும் வைன் நிலவறையையும் எங்கள் பெயருக்கு எழுதுவதாக இருந்தார். அது தள்ளிப்போய்விட்டது. கேட்டால் முழங்கால் என்கிறார். மத்தியாஸும் முழங்கால் என்கிறார். முழங்கால்தானா என்று எனக்குத் தெரியவில்லை அப்பா. ஏழு வருசம் இந்த வீட்டில் இருந்தும், இவர்கள் எப்போது கோபப்படுகிறார்கள் என்பது எனக்கே பிடிபடவில்லை. எல்லோரும் வழக்கம்போல வணக்கம் சொல்கிறார்கள், பாணுக்கு வெண்ணெய் பூசுகிறார்கள்.

எனக்கு உங்களில் கோபமில்லை. உண்மையாகவே இல்லை. வாருங்கள்.

தர்சினி

எம்மன்புரூக்கே,
9 ஒக்டோபர் 2024

அன்பு மகளுக்கு,

தோட்டத்தை எழுதித் தருகிறது தள்ளிப்போனது என்னால். அது எனக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகும் சம்பந்தி சும்மா இருக்கிறார், நீயும் கோபமில்லை என்கிறாய். எனக்குத் தலை சுற்றுகிறது. கோயிலில் குகநாதன் அண்ணை "என்ன, அறுவடைக்கு நிக்கேல்லையோ?" என்று கேட்டார். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சம்பந்தி வாயைத் திறந்து என்னை ஏசும்வரை நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். இதை அவருக்கு அப்படியே சொல்லு.

அப்பா

வாலிஸ்,
14 ஒக்டோபர் 2024

அப்பா,

சொன்னேன். வெர்னர் மாமா ஏசிவிட்டார். அவர் சொன்னதைத் தமிழாக்கித் தருகிறேன்:

"உங்களுக்கு மண்டைக்குள்ளை என்ன இருக்கு? தண்ணியைத் திறக்க முன்னம் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே? கையிலை போன் இல்லையோ? கண்டதுக்கெல்லாம் பாவம் பாத்துப் பாத்துத் தண்ணி ஊத்துறது! கள்ளிச்செடிக்கே தண்ணி ஊத்தி அழுகப்பண்ணின மனுசனிட்டைத் தோட்டத்தை விட்டது எங்கடை பிழை. ஏழு வருசமா இந்த மலையிலை நாரி முதுகு முறிய ஏறி இறங்கி, இந்த வருசம்தான் எங்கடை கைக்கு வர இருந்தது. அதைக் கெடுத்துப்போட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் ஓடுறதோ? நிண்டு முகத்தைப் பாத்து ஏச்சு வாங்கத் தெரியாதோ? அந்த வெறுங் கட்டிலைப் பாத்தா எங்களுக்கு எப்பிடி இருக்குமெண்டு ஒருக்கா யோசிச்சியளோ?"

அவ்வளவும் சொல்லிவிட்டு ஊன்றுதடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தர்சினி

எம்மன்புரூக்கே,
18 ஒக்டோபர் 2024

என் செல்ல மகளுக்கு,

ஏச்சு கிடைத்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தா, பிறகு மூக்கைத் துடைத்தா.

பிள்ளை, உன் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கித் தந்து, நானே பல்கனியில் அழுகவைத்த கள்ளிச்செடியைச் சம்பந்தி எங்கே கண்டார்? பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்குகிற மனிதர், ஏழு வருசம் என்று ஏன் சொல்கிறார்?

கோபமில்லை என்று எழுதியபோது சம்பந்தியைப்போல நீயும் எனக்கு ஒரு கிழங்கு கூடுதலாக வைத்துவிட்டாய் என்றுதான் பயந்தேன். இப்போது நெஞ்சு ஆறிவிட்டது.

சம்பந்தியின் மனது எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காமலே அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடப் பழகுகிறேன். அவர் சும்மா இருக்கட்டும், நான் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். அதை நீதான் ஜெர்மனில் சொல்ல வேண்டும், இந்த முறை உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். கட்டிலை விரித்து வை. வாய்க்கால் பலகைக்கு ஒரு பூட்டுப் போடு. ஏச்சில் பாதிதான் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், மிச்சத்தை என் முகத்தைப் பார்த்து ஏசு.

அப்பா