அப்பா அடித்த ஒரு சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். எங்கள் டப்ளின் சபையில் நாங்கள் சேர்ந்து எழுதும், ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் மென்பொருள் உங்களுக்குத் தெரியுமே. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், தவறு கண்டால் யாரும் திருத்தம் அனுப்பலாம். போடிமெட்டு எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் இறங்கிவந்த அசதியிலும் அப்பா போனில் ஒற்றை விரலால் அடித்தனுப்பிய பாட்டுகள்தான் அதில் பாதி.

ஒன்றில் ‘விரைவாய் வாரும்’ என்பதை ‘வெரசா வாரும்’ என்று அடித்திருந்தார். அப்போதே கேட்டேன். “நம்ம சனம் அப்பிடித்தானே தாயி பாடுது” என்று சிரித்தார். விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மலேசியச் சபை ஒன்றிலிருந்து அதற்குத் திருத்தம் வந்தது. ஏற்கவேண்டியது நான். அப்பா போனபிறகு அவர் அடித்ததில் யாரும் கைவைத்ததில்லை. எனக்கு மனம் வரவில்லை. கூட வேலைசெய்யும் ஜெனோலின், “எல்லாரும் பாடத்தானக்கா அப்பா குடுத்தாங்க?” என்றாள். ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் ஆராதனையில் திரையைப் பார்த்துச் சபையார் சரியாகப் பாடினார்கள். என் வாயில் மட்டும் ‘வெரசா’ என்றே வந்தது.

நம் சபையில் அந்தப் பாட்டு வந்தால் யாரையாவது போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். யாரும் இந்தப்பக்கம் வந்தால் கொஞ்சம் ஏலக்காயும்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். ஒரு ஆளுக்கு என்ன சமையல் என்று சாப்பிடாமல் படுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
ஷாலோமி