புள்ளியை ரெண்டு இடம் தள்ளினால்

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு.

லாரி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு இன்று சேலத்தில் இருதய ஸ்கேன் எடுத்தோம். திரும்பி வரும்போது, ஆட்டையாம்பட்டி தாண்டியதும், பஸ்ஸிலேயே ரிப்போர்ட்டைப் பிரித்தார். இருதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு எதுவென்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். 0.30.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்புள்ள, ஒண்ணுகூட இல்லையே! அப்ப நின்னே போச்சா?"

"அப்படி இல்லைங்க. அதை நூறால பெருக்கோணும். புள்ளியை ரெண்டு இடம் தள்ளுனா முப்பது சதவீதம்."

டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொன்னேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

"முப்பதா? பாஸ் மார்க்குக்கு அஞ்சுதான் கொறையுது" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து நாலு தோசை சாப்பிட்டார்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, 0.55-க்கு மேல் இருக்க வேண்டும் என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டாக்டர் சொல்லட்டும். அதுவரைக்குமாவது தூங்கட்டும்.

எனக்கு உடம்பெல்லாம் அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அவர் குறட்டை விடுகிறார். அது கொஞ்சம் நின்றாலும் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.